பழைய சீட்டு

"மெதுவாப் பேசு!"

ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சித்தி வாயிலிருந்து இது வந்துவிடும். மைக் அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவள் "உள்ளேன் ஐயா" சொன்னபோது பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்தாராம். அன்றிலிருந்து மைக்தான். அப்படியொரு தொண்டையை வைத்துக்கொண்டு முப்பத்துநாலு வயதில் துப்பறிய வந்தது அவள் குற்றமா, உதவியாளாகச் சேர்த்துக்கொண்ட சித்தியின் குற்றமா என்பது மட்டும் அந்த அலுவலகத்தில் இன்னும் துலங்காத வழக்கு.

ஆனால் இன்றைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாள் கையை உயர்த்திச் சித்தியைத் தடுத்தார்.

"அவளை அடக்காதீங்க. நீங்க பேசுறது எனக்கு வாயசைவாத்தான் தெரியுது. அந்தப் பொண்ணு பேசுறதுதான் கேக்குது."

மைக் சித்தியைப் பார்த்த பார்வையில் பத்து வருஷத்துக் கணக்கு தீர்ந்துவிட்டது.

அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். தையற்காரி. அவசரத்தில் கிளம்பி வந்ததில் கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இடது காது போய்ப் பத்து வருஷம் ஆகிறது. வலது காதுக்குள் ஒரு கட்டி. நாளைக் காலை எட்டு மணிக்கு அதை எடுக்கிறார்கள். எடுத்தால் அந்தக் காதும் போய்விடும், எடுக்காவிட்டால் ஆளே போய்விடுவார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"கையெழுத்துப் போட்டுட்டேன். அதைப் பத்தி அழ வரல," என்றார் தையலம்மா. "இன்னைக்கு ஆறு மணிக்கு ஒரு கச்சேரி. அந்தப் பாடகி முதல் முதலா மேடை ஏறுனப்ப நான் கேட்டிருக்கேன், முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. கடைசியா ஒரு தடவை கேட்டுட்டு இதை மூடிக்கலாம்னு நினைச்சேன்."

"போன்ல போட்டுக் கேக்கலாமேம்மா?" மைக் கேட்டாள்.

"போன்ல கேட்டா வண்டு கத்துற மாதிரி இருக்கு. முன்வரிசைன்னா அப்படி இல்ல. ஸ்பீக்கர் சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கும். காதுல பாதி, நெஞ்சுல பாதின்னு கேட்டுடலாம்."

முன்வரிசையில் பதினேழாம் நாற்காலி. அரங்கத்தின் இணையதளத்தில் டிக்கெட் நாலே நிமிஷத்தில் தீர்ந்துபோனதால், கைமாற்றி விற்கும் ஒரு ஆளிடம் மூன்று பங்கு விலை கொடுத்து வாங்கியிருந்தார். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்துவிட்டு வெட்டுகிற கை அது. அதனால் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவைக்க மத்தியானமே அரங்கத்துக்குப் போயிருக்கிறார். அங்கே உதவி மேசையில் இருந்தவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் எழுதிக் காட்டினாராம்: 'இதே நாற்காலியோடு வருகிற நாலாவது ஆள் நீங்கள். முதலில் வாங்கியவர் அடையாள அட்டையோடு நேரில் வந்தால்தான் விடுவோம்.'

சித்தி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டே கால்.

சித்தி இருபத்தைந்து வருஷம் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ஒற்றைச் செருப்பைப் பார்த்து அதன் சொந்தக்காரர் எந்தக் காலை இழுத்து நடப்பார் என்று சொல்வாள். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்தத் தொழிலைத் தொடங்கினாள். பொருளுக்குப் பதில் ஆளைத் தேடுகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"வித்தவன் எப்படிக் கிடைச்சான்?"

மைக் அதையே நான்கு மடங்கு சத்தத்தில் கேட்டாள்.

"அவனாத்தான் வந்தான். என் கடையில பட்டன் தைக்கிற பொண்ணு போனுக்கு, 'கச்சேரிக்கு சீட் வேணுமா'ன்னு சேதி வந்துது. நேர்ல பாக்கல. எல்லாம் அவ போன்லயே முடிஞ்சுது. அவன் எழுத மாட்டான், பேசித்தான் அனுப்புவான். அவ கேட்டு எனக்கு எழுதிக் காட்டுவா."

பட்டன் பெண்ணின் போனைக் கையோடு வாங்கி வந்திருந்தார். சித்தி ஒவ்வொரு குரல் சேதியாகத் தட்டினாள். ஆண் குரல். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், தூக்கக் கலக்கம்போல ஒரே சீராக ஓடும் பேச்சு.

'பேரு, வயசு சொல்லுங்க.'

'உங்களுக்கு நம்பர் பதினேழு. முன்னப் பின்ன ஆனாலும் கூப்பிடுவாங்க, பதறாதீங்க.'

'ஆறு மணிக்கு வந்துடுங்க. கூட ஒருத்தர் மட்டும் வரலாம். பழைய சீட்டு இருந்தா மறக்காம எடுத்துட்டு வாங்க.'

'கவலையே படாதீங்கம்மா. முன்வரிசை. காது குளிரக் கேப்பீங்க.'

"இதுல என்ன இருக்கு?" என்றாள் மைக். "டிக்கெட் விக்கிறவன் டிக்கெட்டைப் பத்திப் பேசுறான். கவிதையா சொல்லுவான்?"

மேசையில் தையலம்மா வைத்திருந்த புது டிக்கெட்டின் நகலுக்குக் கீழே இன்னொரு தாள் எட்டிப் பார்த்தது. சித்தி அதை உருவினாள். பழுப்பேறிய அரை டிக்கெட். ஓரம் கிழிந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"இது எதுக்கு?"

"பழைய சீட்டைக் கொண்டு வரச் சொன்னானே! அவங்க கச்சேரிக்கு முன்னாடி போனவங்களுக்கு ஏதோ மரியாதை பண்றாங்கபோலன்னு நினைச்சு, பெட்டியெல்லாம் கிளறி எடுத்துட்டு வந்தேன்."

மைக்குக்குச் சிரிப்பு வந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது.

"மைக், நீ எத்தனை கச்சேரிக்குப் போயிருக்க?"

"கூட்டிட்டுப் போனாத்தானே?"

"எந்தக் கச்சேரியில வயசு கேப்பாங்க? எங்க பழைய சீட்டு கேப்பாங்க? கூட ஒருத்தர்தான் வரணும்னு எங்க சொல்லுவாங்க?"

மைக் ஜன்னல் கண்ணாடி அதிரக் கத்தினாள்.

"ஆஸ்பத்திரியில!"

"மெதுவாப் பேசு. இந்த ஆளு ராத்திரி பகலா டோக்கன் போட்டுப் போட்டு வாய் பழகிப்போனவன். கச்சேரிக்கு நாற்காலி விக்கிறப்பகூட அந்த வாய் தானா ஓடுது." சித்தி தையலம்மா பக்கம் திரும்பினாள். "பட்டன் பொண்ணு நம்பரை வேற யாருக்காவது குடுத்திருக்கீங்களா?"

மைக் மூலமாகக் கேள்வி போய்ச் சேர்ந்தது. தையலம்மா விரலை மடக்கி யோசித்தார்.

"எனக்கு வர்ற போனையெல்லாம் எடுக்க முடியாதுன்னு ஒரே இடத்துலதான் குடுத்தேன். காது டாக்டர்கிட்ட." சொல்லி முடித்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. "ஐயோ, அந்தத் தம்பியா? இருக்காதும்மா. நல்ல பையன். எனக்குக் கேக்காதுன்னு எல்லாத்தையும் அழகா எழுதிக் காட்டுவான். ஆறு மாசமா வாராவாரம் பாக்குறேன்."

"பாக்குறீங்க. கேட்டதே இல்லையே," என்றாள் சித்தி.

அதை மட்டும் மைக் திருப்பிச் சொல்லவில்லை.

காது டாக்டரின் மருத்துவமனையில் பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் நான்கு வரிசை. எல்லோரும் உரக்கப் பேசினார்கள், யாரும் யாரையும் முறைக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் இனத்தாரைக் கண்ட நிம்மதி மைக்குக்கு. தையலம்மாவை வாசல் தூணுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, சித்தி நோயாளிகள் வரிசையில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் மைக், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சட்டைப் பையில் மூன்று பேனா செருகிய ஒரு ஆள். தலை நிமிரவில்லை. இடது கையால் தாள் கிழித்து வலது கையால் எழுதிக்கொண்டிருந்தான்.

சித்தியின் முறை வந்தது.

"பேரு, வயசு சொல்லுங்க," என்றான். அதே குரல், அதே தூக்கம். "பழைய சீட்டு இருந்தா குடுங்க."

சித்தி கைப்பையைத் திறந்து, அந்தப் பழுப்பேறிய அரை டிக்கெட்டைத் தடுப்புக்குக் கீழே தள்ளினாள்.

பழக்கத்தில் அவன் அதை எடுத்துத் தேதி பார்த்தான். பிறகு பாடகியின் பேரைப் பார்த்தான். பேனா எழுதுவதை நிறுத்தியது.

"முப்பத்திரண்டு வருஷமாச்சு தம்பி," என்றாள் சித்தி. "தொடர்ந்து வர்ற நோயாளின்னு போட்டுக்கோங்க."

டோக்கன்காரன் ஓடப் பார்ப்பான் என்று மைக் பக்கவாட்டுக் கதவை மறித்து நின்றாள். அவன் ஓடவில்லை. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் "ரெண்டு நிமிஷம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, அவனாகவே வெளியே வந்தான். மருந்துப் பெட்டிகள் அடுக்கிய ஒரு இடுக்குக்குள் அவர்களைக் கூட்டிப்போனான். தூணுக்குப் பின்னாலிருந்து வந்த தையலம்மாவைப் பார்த்ததும் அவன் கை தானாகச் சட்டைப்பைப் பேனாவுக்குப் போனது. எழுதுவதற்குத் தாள் இல்லை.

"அம்மா சொன்னதை டாக்டர் ரூம் வாசல்ல நான்தான் கேட்டேன்," என்றான் சித்தியிடம். "ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தப் பாடகி பாட்டைக் கேக்கணும்னு சொல்லிட்டு இருந்தாங்க. அப்புறம் விசாரிச்சா, இங்க வர்றவங்கள்ல இன்னும் மூணு பேருக்கும் அதே ஆசை. புதுசா காது மிஷின் வச்சவர் ஒருத்தர், அவருக்கு முதல் கச்சேரி. ஆன்லைன்ல ஒரு ஆளைப் பிடிச்சேன். நாலு நாள்ல நாலு சீட் அனுப்பினான். வந்ததை அப்படியே தள்ளிவிட்டேன். நம்பர் ஒண்ணுதான்னு சத்தியமாப் பாக்கல."

"நாள் முழுக்க நம்பர் போடுறவர் நம்பரைப் பாக்கல!" என்றாள் மைக்.

"இங்க நான் போடுற நம்பர்ல ரெண்டு பேர் வர மாட்டாங்களே. அந்த நினைப்புதான்."

"எதுக்கு மறைச்சு வித்தீங்க?" என்றாள் சித்தி.

"அலைச்சலுக்குன்னு மேல கொஞ்சம் வச்சேன்." அவன் குனிந்துகொண்டான். "நோயாளிங்ககிட்ட வியாபாரம் பண்ணினேன்னு தெரிஞ்சா வேலை போயிடும்."

தன் போனை நீட்டினான். அவனுக்கு விற்றவனோடு நடந்த பேச்சு அதில் முழுசாக இருந்தது. வாங்கியவர்களிடமிருந்து புகார் வந்த பிறகு, காலையிலிருந்து பதினொரு தடவை டோக்கன்காரன் அவனை அழைத்திருந்தான். சித்தி அந்த எண்ணைத் தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். உபயோகத்தில் இல்லை என்றது. விற்றவனின் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம்.

நூலைப் பிடித்துக்கொண்டே வந்தால் மறுமுனையில் ஒரு ஆள் இருப்பான் என்பதுதான் சித்தியின் நம்பிக்கை. இங்கே பிடித்த ஆளும் அறுந்த நூலைத்தான் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தையலம்மா மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சொல்றான்? ஆள் கிடைச்சுதா?"

"இவரையும் ஏமாத்திட்டாங்கம்மா!" மைக் கத்தினாள். வெளியே நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மணி நாலரை. "அரங்கத்துக்கே போவோம்," என்றாள் சித்தி. "முதல்ல வாங்கினவன் பேர் அங்க பதிவாகி இருக்கும். பேர் கிடைச்சா ஒண்ணரை மணி நேரம் எனக்குப் போதும்."

டோக்கன்காரனும் கூட வந்தான். யாரும் அழைக்கவில்லை.

அரங்கத்தின் வாசலில் 'டிக்கெட் தீர்ந்தது' என்று பெரிய பலகை. அதற்கு நேர் கீழே தொப்பி போட்ட ஒருவன் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் காதில் "சீட் வேணுமா, சீட்" என்று முனகிக்கொண்டிருந்தான். மைக் அவனைப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசையா என்று கேட்டாள். ஆமாம் என்றான். என்ன நம்பர் என்றாள்.

"பதினேழு. நடு சீட்டு. இதுக்குமேல நல்ல சீட்டு கிடையாதுக்கா."

"அது என்ன நாற்காலியா, சத்திரமா?" என்று மைக் போட்ட சத்தத்தில் அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்தான்.

உதவி மேசைக்கு முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. பஸ்ஸில் ஏழு மணி நேரம் வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த அண்ணன் தங்கை. காதில் புது மிஷின் வைத்த ஒருவர், எல்லோர் பேச்சும் கேட்கிற சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க முடியாமல் விழித்துக்கொண்டு நின்றார். டோக்கன்காரன் அவரைப் பார்த்ததும் சித்திக்குப் பின்னால் ஒதுங்கினான். எல்லோர் கையிலும் போன் இருந்தது, ஒவ்வொரு போனிலும் ஒரு டிக்கெட் இருந்தது. ஒருவருக்கும் கதவு திறக்கவில்லை.

மேசைக்காரருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. சித்தி தன் பழைய அலுவலக அட்டையைக் காட்டிப் பேசியதில், அவர் கணினியைத் திருப்பிப் பார்த்தார்.

"முன்வரிசை பதினேழு. வாங்கினவர் பேரு..." அவர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். 'கககக' என்று இருந்தது.

"இது பேரா, காக்கா கத்துறதா?" என்றாள் மைக்.

"ஆளு இல்லைங்க. கம்ப்யூட்டரை வச்சு வாங்குறாங்க. பேர் கட்டத்துல எதையாவது அடிச்சுட்டுப் போயிடும். நாலு நிமிஷத்துல முக்கால்வாசி இப்படித்தான் போச்சு."

கககக அடையாள அட்டையோடு நேரில் வரப் போவதில்லை. சித்தி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அந்த நாற்காலியில யார் உக்காருவாங்க?" என்று மைக் கேட்டாள்.

"யாரும் இல்லை. பூட்டிட்டோம். பூட்டினதைத் திறக்க எனக்கு அதிகாரம் கிடையாது. இந்த அம்மாவை விட்டா இந்த நாப்பது பேருக்கு என்ன பதில் சொல்வேன்? நானும் சம்பளத்துக்கு நிக்கிறவன்." குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லணும்னா, யாருமே வந்து கேக்காம இருந்திருந்தா, முதல்ல வர்றவருக்குக் கதவு திறந்திருக்கும். மூணு பேர் வந்தப்பகூட நான் பேசாமத்தான் இருந்தேன். மத்தியானம் நாலாவதா இவங்க வந்தாங்க. அதுக்கப்புறம்தான் பூட்ட வேண்டியதாப் போச்சு."

"என்ன சொல்றார்?" என்று தையலம்மா மைக்கின் கையைப் பிடித்து இழுத்தார்.

வாசல் தெரிந்துகொள்ள வந்தவர். இரண்டு தடவை அளந்து பார்த்தவர். பேசாமல் வீட்டில் இருந்துவிட்டு ஐந்து மணிக்கு முதல் ஆளாக வந்து நின்றிருந்தால், இந்நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பார்.

"இவரால முடியாதாம்மா," என்றாள் மைக், யாரும் சொல்லாமலே மெதுவாக. அதையும் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டது.

ஆறு மணிக்குக் கதவை மூடும்போது ஒரு நிமிஷம் உள்ளே தெரிந்தது. முன்வரிசையில் பதினேழாவது மட்டுமில்லை, அங்கே ஏழு, இங்கே பத்து என்று காலி நாற்காலிகள் கிடந்தன. கம்ப்யூட்டர் வாங்கிக் கைமாறாமல் போனவை, பூட்டப்பட்டவை. தையலம்மா அவற்றைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அளவு நாடாவை விரலில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினார்.

"இருபத்தஞ்சு வருஷம் தொலைஞ்ச பொருளையெல்லாம் ஆளுகிட்ட சேத்திருக்கேன்," என்றாள் சித்தி. "இங்க பொருளும் இருக்கு, ஆளும் இருக்கு. என்னால ஒண்ணும் பண்ண முடியல."

டோக்கன்காரன் முன்னால் வந்தான். மடித்த ஒரு தாளைத் தையலம்மாவிடம் நீட்டினான். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே எழுதிவைத்துவிட்டான்போல. 'நாளைக்கு டோக்கன் 1. நீங்கதான் முதல் ஆள். காத்திருக்க வேண்டாம்.' அவர் அதைப் படித்தார். எங்கே எதில் முதல் வரிசை கிடைக்கிறது பாருங்கள் என்று மைக்குக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். தையலம்மா அந்தத் தாளை, சித்தி திருப்பிக் கொடுத்திருந்த பழைய டிக்கெட்டோடு சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எந்தக் கட்டடத்துக்கும் ஒரு பின்வாசல் உண்டு என்பது சித்திக்குத் தெரியும். சுற்றிக்கொண்டு போனார்கள். குளிர்சாதன இயந்திரங்கள் வெந்நீர்ப் பாத்திரம்போல மூச்சு விடும் சந்து. ஒரு இரும்புக் கதவு, பூட்டியது. அதன் இடுக்கு வழியாக உள்ளிருந்து வயலின் சத்தம் மெல்லியதாக வந்தது. மைக்குக்குக் கேட்டது. சித்திக்கும் டோக்கன்காரனுக்கும் கேட்டது. தையலம்மா வலது காதைக் கதவில் ஒட்டவைத்துப் பார்த்தார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார்.

"ஆரம்பிச்சுட்டாங்களா?"

"வயலின்மா!" மைக் அவர் காதருகே குனிந்தாள். "இன்னும் பாடல. வயலின் மட்டும் போகுது!"

"இப்ப?"

"தொண்டையைச் செருமுறாங்க! கூட்டம் கை தட்டுது! இப்ப பாடுறாங்க!"

"எந்தப் பாட்டு?"

மைக்குக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. குளியலறையில் பாடினால்கூட அக்கம்பக்கம் கதவைத் தட்டும். உள்ளிருந்து வருகிற வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல், அவர் காதுக்குள் சத்தமாகச் சொன்னாள். இரண்டாவது வரியிலேயே தையலம்மாவின் உதடு கூடவே அசைந்தது. அவருக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தது.

சந்தின் முனையிலிருந்து ஒரு காவலாளி ஓடி வந்தார்.

"யாரும்மா அது? சத்தம் போடாதீங்க! உள்ள பாட்டு கேக்குறவங்களுக்கு இடைஞ்சலா இருக்கு."

மைக் பழக்கத்தில் வாயைப் பொத்தினாள். தையலம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்.

சித்தி காவலாளிக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"நீ நிறுத்தாதே," என்றாள். "இன்னும் சத்தமாச் சொல்லு."